மூணாறு – டாப் ஸ்டேஷன் பழைய ரயில் தடத்தில் பிள்ளைகளோடு ஐந்து நாள் சைக்கிள்: போய் வந்தாச்சு, சந்தேகம் இருந்தால் கேளுங்க

ஏலக்காய் போடி:

பொங்கல் லீவில் போய் வந்தோம். எழுதுகிறேன் எழுதுகிறேன் என்று ஒரு மாதம் ஓட்டியாச்சு. கிளம்பும் முன்னால் இங்கே கேட்டபோது பாதிப் பேர் "சின்னப் பிள்ளையை வைத்துக்கொண்டு மூணாறு மலையில் சைக்கிளா, ஒழுங்காகக் கார் எடுத்துட்டுப் போங்க" என்றீர்கள். அவர்களுக்காகவே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

நாங்கள் நாலு பேர். நான், வீட்டம்மா, எட்டாவது படிக்கிற மகள், ஐந்தாவது படிக்கிற மகன். யாரும் பந்தயக்காரர்கள் இல்லை. வீட்டம்மா கல்லூரிக் காலத்துக்கு அப்புறம் சைக்கிளைத் தொட்டதே போன ஆடியில்தான். அதிலிருந்து ஞாயிறுதோறும் போடியிலிருந்து முந்தல் வரை மிதித்துப் போய் டீ குடித்துவிட்டு வருவோம், அதுதான் எங்கள் பயிற்சி.

இந்தத் தடத்தின் கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷனுக்கு ஒரு காலத்தில் ரயில் ஓடியது. 1902இல் முதலில் ஒற்றைத் தண்டவாளம் போட்டு மாடு பூட்டி இழுத்தார்கள். 1908இல் அதை எடுத்துவிட்டு இரண்டடி அகலத்தில் ரயில் பாதை. தேயிலைப் பெட்டி டாப் ஸ்டேஷன் வரை ரயிலில் வரும், அங்கிருந்து அந்தரத்தில் கம்பி வடத்தில் தொங்கிக்கொண்டு கொட்டகுடிக்கு இறங்கும், கொட்டகுடியிலிருந்து மாட்டு வண்டியில் எங்க ஊருக்கு வரும். 1924 வெள்ளத்தில் ரயில் பாதை போனது போனதுதான், திரும்பப் போடவில்லை. போடியில் பிறந்து வளர்ந்த எனக்கே இது நாற்பது வயதில்தான் தெரியும், வெட்கமாக இருக்கிறது.

ஆனால் ஒன்று. தண்டவாளம் போனாலும் ரயிலுக்காகப் பார்த்துப் பார்த்து வெட்டின சரிவு போகவில்லை. ரயில் இன்ஜினால் செங்குத்தாக ஏற முடியாது, அதனால் மலையைச் சுற்றிச் சுற்றி மெதுவாக ஏற்றியிருக்கிறார்கள். மூணாறு சுமார் 1,500 மீட்டர் உயரம், டாப் ஸ்டேஷன் 1,700க்கும் மேலே. 30 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலான தூரத்தில் அவ்வளவுதான் ஏற்றம். பத்து வயதுப் பையன் மிதித்து ஏறினான் என்றால் அவன் கால் பலத்தால் மட்டும் இல்லை, நூறு வருசத்துக்கு முன்னால் எவனோ லெவல் பிடித்து வைத்துவிட்டுப் போன புண்ணியம். இதே பையனைப் போடிமெட்டு ரோட்டில் ஏற்றியிருந்தால் இரண்டாவது வளைவில் சைக்கிளைத் தூக்கி எறிந்திருப்பான்.

முதல் நாள் போடியிலிருந்து ஜீப்பில் சைக்கிளைக் கட்டிக்கொண்டு மூணாறு. இரண்டாம் நாள் மூணாறு – மாட்டுப்பட்டி – குண்டளை. மூன்றாம் நாள் குண்டளை – எல்லப்பட்டி – டாப் ஸ்டேஷன். நாலாம் நாள் வந்த வழியே மூணாறு, அங்கிருந்து ஜீப்பில் வீடு. ஐந்தாம் நாள் போடி – முந்தல் – குரங்கணி – கொட்டகுடி பக்கம் போய்த் திரும்பினோம், அதுதான் பழைய வண்டிப் பாதை இருந்த பக்கம். நடுவில் கம்பி வடம் போன இடத்தை மட்டும் விட்டுவிட்டோம். ஏன் என்று அப்புறம் சொல்கிறேன், கண்டிப்பாக யாராவது கேட்பீர்கள்.

ஜீப் கிளம்பவே மணி எட்டாகிவிட்டதால் முதல் நாளைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. இரண்டாம் நாள்தான் நாள். காலையில் குளிர் என்றால் குளிர், சின்னவனுக்கு விரல் விறைத்துப் பிரேக்கைப் பிடிக்க முடியவில்லை. கையுறை வாங்க மறந்துவிட்டோம். வீட்டம்மா பையிலிருந்து இரண்டு ஜோடி சாக்ஸை எடுத்து ஒன்றின் மேல் ஒன்றாக அவன் கையில் மாட்டிவிட்டாள். கட்டை விரலுக்கு மட்டும் கத்தரியால் ஒரு ஓட்டை. நாள் முழுக்க அதோடுதான் மிதித்தான், பார்த்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள்.

மாட்டுப்பட்டி அணை தாண்டி ஒரு ஏற்றம் கொஞ்சம் நீளம். அங்கே உட்கார்ந்துவிட்டான். "நான் ஜீப்பில் வர்றேன்" என்கிறான், ஜீப்பு எங்கே இருக்கிறது? அதற்கு முன்னேற்பாடாகப் பழைய டியூப் ஒன்றை வெட்டி வைத்திருந்தேன். ஒரு முனை என் சீட்டுத் தண்டில், இன்னொரு முனை அவன் ஹேண்டில் தண்டில் இரண்டு சுற்று சுற்றி, நுனியை அவனே கட்டை விரலால் அமுக்கிப் பிடிக்க வேண்டும். முடிச்சு மட்டும் போட்டுவிடாதீர்கள். அவன் தடுமாறினால் விரலை எடுத்த உடனே அவிழ்ந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு பேரும் சேர்ந்து விழுவீர்கள். கயிறு கட்டினால் வெட்டி வெட்டி இழுக்கும், ரப்பர் என்பதால் மெதுவாக நீண்டு கொடுக்கிறது. எனக்குப் பத்து கிலோ கூடுதலாக ஏற்றின மாதிரிதான் இருந்தது. அவனுக்கோ யாரோ முதுகில் கை வைத்துத் தள்ளுகிற மாதிரி. ஒரு கிலோமீட்டர் போனதும் அவனே அவிழ்த்துவிட்டான்.

மிச்சத்தைக் கேளுங்க, சொல்கிறேன். கை வலிக்கிறது.

சல்லி ரோடு:

அண்ணே சூப்பர். ஆனா டாப் ஸ்டேஷன் வரைக்கும் போயிட்டு வந்த வழியே திரும்பினது சப்புன்னு இருக்கு. அங்கிருந்து சென்ட்ரல் ஸ்டேஷன்ங்கிற மலைக் கிராமம் வழியா குரங்கணிக்கு ஒத்தையடிப் பாதை இருக்கே, சைக்கிளைத் தோளில் போட்டுக்கிட்டு இறங்கியிருந்தா முழுப் பாதையும் முடிச்ச மாதிரி ஆகியிருக்குமே. நான் இந்த மார்ச்சில் போகலாம்னு இருக்கேன்.

ஏலக்காய் போடி:

தம்பி, கேட்பீர்கள் என்று தெரியும். மார்ச் என்று வேறு சொல்கிறீர்கள்.

2018 மார்ச் 11. குரங்கணி மலையில் காட்டுத் தீ. மேலே போன மலையேற்றக் குழுவில் இருபது பேருக்கு மேல் செத்துப்போனார்கள். வயதுப் பிள்ளைகள். அன்றைக்கு ராத்திரி எங்கள் தெரு வழியாக ஆம்புலன்ஸ் போன சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அந்தச் சரிவு முழுக்கப் போதைப்புல், மாசி பங்குனியில் தீக்குச்சி மாதிரி காய்ந்து நிற்கும். தீ பிடித்தால் காற்று மேல்நோக்கித் தள்ளும், மனிதனால் அதைவிட வேகமாக மேலே ஓட முடியாது. நடந்து போகவே வனத்துறை அனுமதி வேண்டும், காய்ந்த காலத்தில் விடவே மாட்டார்கள். இதில் தோளில் சைக்கிள் வேறு.

முழுப் பாதை என்ற கணக்கு எனக்கும் இருந்தது, பொய் சொல்லவில்லை. அப்புறம் யோசித்தால் அந்த இடத்தில் ரயிலும் போகவில்லை, வண்டியும் போகவில்லை, தேயிலைப் பெட்டியே அந்தரத்தில்தான் போனது. ஜீப்பில் சுற்றி வந்ததைக் கம்பி வடத்தில் வந்ததாகக் கணக்கு வைத்துக்கொண்டோம். மகள்தான் இந்தத் தீர்ப்பைச் சொன்னாள்.

சல்லி ரோடு:

சரிண்ணே, புரியுது. மார்ச் கேன்சல்.

ரயில் பைத்தியம்:

நல்ல பதிவு. ஒரு சின்னத் திருத்தம் மட்டும், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இப்போது இருக்கிற ரோடு முழுக்க ரயில் தடத்தின் மேலேயே போகிறது என்று நினைத்துவிடக் கூடாது. ரயில் பாதை வெள்ளத்தில் போனது 1924இல், கொல்லம் ஆண்டு 1099. அதனால்தான் மலையாளத்தில் இன்னும் "தொண்ணூற்றொன்பது வெள்ளம்" என்கிறார்கள். குண்டளை அணையும் மாட்டுப்பட்டி அணையும் அதற்குப் பல வருசம் கழித்து வந்தவை. ஆற்றை ஒட்டித் தாழ்வாகப் போன தடம் அங்கே தண்ணீருக்குள் போயிருக்க வேண்டும். நீங்கள் சொன்ன அந்த நீள ஏற்றம் அணையைச் சுற்றி ரோடு மேலே ஏறுகிற இடம்தானே? அது ரயில்காரன் போட்ட சரிவாக இருக்காது, பின்னால் ரோடு போட்டவன் வேலை.

மூணாறில் பழைய ஸ்டேஷன் கட்டடத்தைப் பார்த்தீர்களா? அதுதான் இப்போது தேயிலைக் கம்பெனி ஆபீஸ். அலுமினியப் பாலம் என்று ஆட்டோக்காரர்கள் சொல்வதும் ரயில் காலத்து நினைவுதான்.

ஏலக்காய் போடி:

அட, ஆமாம்! அந்த ஏற்றத்தில்தான் சின்னவன் உட்கார்ந்தான். மகள் ஒரு வேலை செய்துகொண்டே வந்தாள். தண்ணீர் பாட்டிலில் கால்வாசிக் காற்று விட்டு மூடி, படுக்கை வசமாக ஹேண்டிலில் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டியிருந்தாள், கொத்தனார் ரசமட்டம் மாதிரி. மார்க்கர் பேனாவில் கோடு. குமிழ் கோட்டுக்குள் நின்றால் "இது ரயில்", கோட்டைத் தாண்டி முன்னால் ஓடினால் "இது ரோடு" என்று கத்துவாள். குண்டளைக்கு அந்தப் பக்கம் எஸ்டேட்டுக்குள் வளைந்து வளைந்து போகிற இடங்களில் வரிசையாக "ரயில், ரயில், ரயில்" என்றுதான் வந்தது. நாங்கள் விளையாட்டு என்று விட்டுவிட்டோம். உங்கள் பதிவைக் காட்டினேன், இன்றைக்கு முழுக்க அவளைப் பிடிக்க முடியாது.

ஸ்டேஷன் கட்டடத்தை வெளியிலிருந்து பார்த்தோம். உள்ளே விடவில்லை, ஆபீஸ்தானே.

தேனி அம்மா:

தம்பி, எனக்கு ரயில் எல்லாம் வேண்டாம், நடைமுறையைச் சொல்லுங்க. ராத்திரி எங்கே தங்கினீங்க, கழிப்பறைக்கு என்ன பண்ணினீங்க, எட்டாவது படிக்கிற பொண்ணைக் கூட்டிட்டுப் போயிருக்கீங்க, அந்த நாள் வந்தா என்ன செய்வீங்க? என் மகள் ஏழாவது. அவ அப்பா கிளம்பலாம்ங்கிறார், எனக்குத்தான் யோசனையா இருக்கு.

ஏலக்காய் போடி:

அக்கா, இது வீட்டம்மா எழுதுகிறேன், அவர் ஐடியில்.

நீங்க கேட்டதுதான் முக்கியமான கேள்வி, இவர்களுக்கு ரயில் கதை முடிந்தால்தான் இதெல்லாம் ஞாபகம் வரும். எங்களுக்கு அந்த நாள் வந்தது. மகளுக்கு இல்லை, எனக்கு. இரண்டாம் நாள் மத்தியானம், குண்டளை போய்ச் சேரும் முன்னால். நல்லவேளை, பேட், மாற்று உடை, பழைய துணி, காகிதப் பை எல்லாம் தனியாக ஒரு சின்னப் பையில் என் சீட்டுக்கு அடியில் கட்டியிருந்தேன், கேரியர் மூட்டைக்குள் போடவில்லை. அதை மட்டும் மறக்காமல் செய்யுங்க. பெரிய மூட்டையை ரோட்டோரத்தில் அவிழ்த்துத் தேட முடியாது.

கழிப்பறை மாட்டுப்பட்டியில் இருக்கு, எக்கோ பாயிண்ட் பக்கம் இருக்கு, குண்டளையில் இருக்கு. சுத்தம் அன்றைய கூட்டத்தைப் பொறுத்தது. நடுவில் ஒரு எஸ்டேட் லயத்தில், அதான் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், ஒரு அக்கா வீட்டுக்குக் கூட்டிப் போய் வெந்நீர் கொடுத்தாங்க, எந்த ஊர் என்று கேட்டாங்க, போடி என்றதும் அவங்க அம்மா பிறந்தது சின்னமனூர் என்றாங்க, அப்புறம் கட்டன் சாயா, அப்புறம் முறுக்கு, அங்கேயே முக்கால் மணி நேரம். மலை முழுக்க நம்ம தமிழ்தான் அக்கா, பேசுவதற்குப் பயமே வேண்டாம். தங்குவதற்கு வீடுகளில் அறை விடுகிறார்கள், குண்டளைப் பக்கமும் உண்டு, டாப் ஸ்டேஷனிலும் உண்டு. முன்கூட்டியே போனில் பேசி, சைக்கிளை வீட்டுக்குள் வைக்க இடம் இருக்கா என்று கேட்டுக்கோங்க. வெளியில் வைத்தால் பனியில் சீட்டு ஊறிவிடும்.

இன்னொன்று, சைக்கிள் சீட்டு. இவர் ஆண்களுக்கான ஒல்லி சீட்டை வைத்துவிட்டு "பழகிடும்" என்றார். பழகவில்லை. அகலச் சீட்டாக மாற்றின பிறகுதான் முந்தலே தாண்டினேன்.

பூப்பாறை ஜீப்:

நான் இந்த ரோட்டில் பதினைந்து வருசமா ஓட்டறேன். ஒரே ஒரு விசயம் சொல்லிக்கிறேன். மாட்டுப்பட்டி மாட்டுப் பண்ணை இருக்கே, இந்தோ சுவிஸ், அங்க பசும்புல் வளர்க்கிறாங்க, அதுக்கு ஆனை வரும். விடியற்காலமும் சாயங்காலமும் ரோட்டிலேயே நிக்கும். ஜீப்பு சத்தம் அதுக்குத் தூரத்திலேயே கேக்கும், சைக்கிளுக்குச் சத்தமே கிடையாது, வளைவு திரும்பினதும் நேரா முன்னாடி போய் நிப்பீங்க. அதான் ஆபத்து. காலையில 7 மணிக்கு முன்னாடி ஏறாதீங்க, சாயங்காலம் 5 மணிக்கு மேல மிதிக்காதீங்க. வளைவுக்கு வளைவு பெல் அடிங்க. ஆனை தெரிஞ்சா படம் எடுக்க நிக்காம அப்படியே திரும்பி, ஏதாவது வண்டி வர்ற வரைக்கும் தள்ளியே இருங்க. பிள்ளைகள் சிவப்பு பலூன் கிலூன் கட்டிக்கிட்டுப் போறதைப் பார்த்திருக்கேன், அதெல்லாம் வேண்டாம்.

ஏலக்காய் போடி:

அண்ணன் சொன்னது நூற்றுக்கு நூறு. எங்களுக்கு ஆனை தரிசனம் கிடைத்தது, ஏரிக்கு அக்கரையில், நல்ல தூரத்தில். ஆனால் ரோட்டில் புத்தம்புது லத்தி ஆவி பறக்கக் கிடந்தது. சின்னவன் அதைப் பார்த்த பிறகு டியூப் கேட்கவே இல்லை, முன்னால் போய்விட்டான்.

இதில் சிக்கல் என்னவென்றால், 7 மணிக்கு முன்னால் ஆனை, ஒன்பதரைக்கு மேல் டூரிஸ்ட் வேன். நடுவில் கிடைக்கிற இரண்டரை மணி நேரம்தான் நமக்கு. அதற்குள் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் போய்விட்டு, நடுப்பகலில் எங்காவது உட்கார்ந்து சாப்பிட்டுத் தூங்கிவிட்டு, சாயங்காலம் மூன்று மணிக்கு மேல் மிச்சத்தை மிதிக்கலாம். நாங்கள் போனது பொங்கல் லீவு, அது முட்டாள்தனம். எக்கோ பாயிண்டில் வண்டி நகரவே இல்லை. சைக்கிள்தான் நகர்ந்தது, அதில் ஒரு அற்ப சந்தோசம். சாதாரண வார நாளில் போங்கள்.

வெலிங்டன் மாமா:

நான் நியூசிலாந்தில் இருக்கிறேன், சொந்த ஊர் உத்தமபாளையம். இங்கே ஒட்டாகோ சென்ட்ரல் ரயில் தடம் என்று ஒன்று இருக்கிறது, மிடில்மார்ச்சிலிருந்து கிளைடு வரை 152 கிலோமீட்டர். 1990இல் ரயிலை நிறுத்தி, தண்டவாளத்தைப் பிடுங்கிவிட்டு, சல்லி பரப்பி, 2000இல் சைக்கிளுக்கும் நடைக்கும் திறந்துவிட்டார்கள். பேரப் பிள்ளைகளோடு நாலு நாளில் போனோம். பூல்பர்ன் பள்ளத்தாக்கில் மலையைக் குடைந்த குகைக்குள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போக வேண்டும், விளக்கு இல்லாவிட்டால் கை தெரியாது. குளிரும் எதிர்க்காற்றும் உயிரை எடுக்கும். ஏற்றம் மட்டும் தெரியவே தெரியாது, நீங்கள் சொல்கிற அதே காரணம்தான்.

பெரிய வித்தியாசம் ஒன்று, அங்கே மோட்டார் வண்டிக்கு இடமே இல்லை. நம் மூட்டையை ஒரு வேன்காரர் அடுத்த ஊரில் கொண்டுபோய் வைத்துவிடுவார், நாம் தண்ணீர் பாட்டிலோடு மட்டும் மிதிக்கலாம். தடத்தை ஒட்டின சின்ன ஊர்களில் மூடிக் கிடந்த கடைகளெல்லாம் சைக்கிள்காரர்களை நம்பித்தான் திறந்தன. உங்கள் பதிவைப் படிக்கும்போது வயிறு எரிகிறது. நம் ஊரில் இதைவிட அழகான தடம் கிடக்கிறது, அதில் வேனோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது.

மூணாறு லயத்துப் பையன்:

மாமா சொல்றது சரிதான், ஆனா இங்க ஒண்ணு யோசிக்கணும். இந்தத் தடத்தில் பாதி எஸ்டேட்டுக்குள்ள இருக்கு. அது எங்க ஆளுங்க கொழுந்துக் கூடையோட நடக்கிற வழி. சைக்கிள் தடம்னு போர்டு மாட்டினா முதல்ல ரிசார்ட்டு வரும், அப்புறம் எங்களுக்கே கேட் போடுவாங்க. நான் வேண்டாம்னு சொல்லலை. வந்தா எங்க சனங்க டீக்கடை போடற மாதிரி வரணும்.

இன்னொரு வேண்டுகோள். எஸ்டேட் மண் ரோட்டில் இறங்கறதுக்கு முன்னாடி ஆபீஸ்ல ஒரு வார்த்தை கேட்டுட்டு இறங்குங்க. மருந்து அடிக்கிற நாள்ல பிள்ளைகளோட போகக் கூடாது.

எங்க தாத்தா இதை ரயில் ரோடுன்னுதான் சொல்லுவார். அவர் பிறந்ததே வெள்ளத்துக்கு அப்புறம், ரயிலைப் பார்த்தது கிடையாது, ஆனாலும் அந்தப் பேர்தான். எங்க லயத்து வாசல்ல துணி காயப்போடற கம்பம் ஒண்ணு பழைய தண்டவாளம்னு சொல்லுவார். உண்மையா இல்லையான்னு நான் சோதிச்சது இல்லை.

ரயில் பைத்தியம்:

அந்தக் கம்பத்தைப் படம் எடுத்துப் போடுங்கள் தம்பி!!! வெட்டு முகம் தெரிகிற மாதிரி, பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து.

செயின் எண்ணெய்:

எல்லாரும் கதை பேசறீங்க, சைக்கிளைப் பத்தி ஒருத்தரும் பேசலையே. என்ன சைக்கிள், என்ன டயர், பஞ்சர் எத்தனை?

ஏலக்காய் போடி:

பஞ்சர் ரெண்டே ரெண்டு. ஆனால் அதைவிடப் பெரிய கூத்து ஒன்று நடந்தது.

எனக்கும் வீட்டம்மாவுக்கும் 26 இஞ்ச் சாதா மலை சைக்கிள், மகளுக்கும் அதே, சின்னவனுக்கு 24. டயர் எல்லாம் பட்டை, 1.95 இஞ்ச் அகலம். காற்றை முழுக்க அடைக்காமல் கட்டை விரலால் அமுக்கினால் லேசாக அமுங்குகிற மாதிரி விட்டோம், எஸ்டேட் மண் ரோட்டில் குலுக்கல் பாதியாகக் குறைந்தது. முன் பல்லில், அதாவது பெடல் பக்கத்துப் பல் சக்கரத்தில், சின்னது இருப்பது முக்கியம். முன்னால் ஒற்றைப் பெரிய பல் மட்டும் வைத்த ஸ்டைல் சைக்கிளோடு மூட்டையும் ஏற்றிக்கொண்டு போகாதீர்கள்.

கூத்து என்னவென்றால், மூன்றாம் நாள் எல்லப்பட்டி தாண்டி மகளுடைய பின் கியர் கழன்று சக்கரத்துக்குள் போய்விட்டது. கியரைச் சட்டத்தோடு சேர்த்துப் பிடிக்கிற சின்ன அலுமினியக் காது இருக்குமே, ஹேங்கர், அது ஒடிந்துபோனது. காரணம் நான்தான். ஜீப்பில் கட்டும்போது அவள் சைக்கிளைக் கியர் பக்கம் அடியில் போகிற மாதிரிப் படுக்க வைத்துவிட்டேன். லேசாக வளைந்திருக்கிறது, கண்ணுக்குத் தெரியவில்லை, ஏற்றத்தில் பெரிய பல்லுக்கு மாற்றினதும் ஸ்போக்கில் மாட்டிக்கொண்டது. வாங்கின கடையில் ஸ்பேர் ஹேங்கர் கேட்டிருந்தேன், "அதெல்லாம் உடையாது சார்" என்று சிரித்தார்கள். கடை பேர் வேண்டாம், அந்தச் சிரிப்பை மட்டும் மறக்கமாட்டேன்.

அங்கே மெக்கானிக் கிடையாது. செயின் கட்டர் வைத்திருந்தேன். செயினை அறுத்து, ஒடிந்த கியரைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டு, முன்னால் நடுப்பல், பின்னால் நடுப்பல் என்று நேராக மாட்டி, தொங்கல் இல்லாமல் அளவெடுத்து, மிச்சக் கண்ணிகளை வெட்டி மறுபடி இணைத்தேன். செயின் நேர்கோட்டில் ஓடணும், ஒரு பல் விலகினாலும் அதுவாகப் பக்கத்துப் பெரிய பல்லில் ஏறி இறுகிவிடும். இரண்டு தடவை அப்படித்தான் ஆனது, மூன்றாவது தடவை நின்றது. கண்ணியிலிருந்து பின்னை முழுக்கத் தள்ளிவிடாதீர்கள், நுனி உள்ளேயே நிற்கட்டும், முழுக்க வெளியே வந்துவிட்டால் திரும்ப நுழைப்பதற்குள் கண்ணீர் வரும். ஒரு மணி நேரம் ஆனது. அந்த ஒரு மணி நேரமும் சின்னவன் சாக்ஸ் கையோடு விழுந்த பின்னைப் புல்லில் தேடிக்கொண்டிருந்தான்.

மகள் கியரே இல்லாமல்தான் டாப் ஸ்டேஷன் வரை மிதித்தாள், திரும்ப மூணாறு வரையும். இதுதான் நான் சொல்ல வந்தது. வேறு எந்த மலை ரோட்டிலும் ஒற்றைப் பல்லை வைத்து ஒரு பிள்ளையால் இது முடியாது.

செயின் எண்ணெய்:

அருமைண்ணே. ஹேங்கர் சைக்கிளுக்கு சைக்கிள் மாறும், போகிறவங்க அவங்கவங்க சைக்கிளுக்குப் பொருந்துறதை ரெண்டு வாங்கி வச்சுக்கோங்க. இறக்கத்தில் பிரேக் எப்படி?

ஏலக்காய் போடி:

டாப் ஸ்டேஷனிலிருந்து திரும்பும்போது பிரேக்குக்கு வேலையே இல்லை, நடுவில் ஏற்றம் இறக்கம் மாறி மாறி வருகிறது. ஆனால் வேலை இல்லாமலே சின்னவன் பிடித்துக்கொண்டே வருவான். ஒரு இடத்தில் நிறுத்தி ரிம்மில் எச்சில் தொட்டு வைத்தேன், சுர்ரென்றது. அதற்கப்புறம் "பிடி, விடு, பிடி, விடு" என்று பின்னால் கத்திக்கொண்டே வந்தேன்.

மூணாறிலிருந்து போடிக்குச் சைக்கிளிலேயே இறங்கலாமா என்று தனிச்செய்தியில் மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். பெரியவர்கள் இறங்குகிறார்கள். நான் பிள்ளைகளை விடவில்லை. லாரி, மூடுபனி, ஒன்றன்பின் ஒன்றாகக் கொண்டை ஊசி. அது மோட்டாருக்குப் போட்ட ரோடு.

தேனி அம்மா:

டாப் ஸ்டேஷனுக்கு மேல வட்டவடைக்குப் போகலையா? பூண்டு வாங்கிட்டு வருவாங்களே.

ஏலக்காய் போடி:

போகலை அக்கா. அது பாம்பாடும் சோலைக்குள்ளே போகிற வழி, செக்போஸ்ட் உண்டு, காட்டுக்குள் பிள்ளைகளோடு சைக்கிள் வேண்டாம் என்றார்கள், சரி என்று திரும்பிவிட்டோம். ஆனால் பூண்டு டாப் ஸ்டேஷன் கடைகளிலேயே கிடைத்தது. இரண்டு கிலோ வாங்கி என் கேரியரில் கட்டினது வீட்டம்மாதான், கூடவே மண் ஒட்டின கேரட் ஒரு கட்டு. இதையும் எழுதச் சொன்னாள்.

கொடைக்கானலுக்கு அப்படியே போகலாமா என்று யாரும் கேட்க வேண்டாம். அந்தப் பழைய எஸ்கேப் ரோட்டை மூடிப் பல வருசம் ஆகிவிட்டது, காட்டுக்குள் விடமாட்டார்கள்.

சல்லி ரோடு:

சென்னையிலிருந்து நண்பர்கள் ரெண்டு பேர் சேர்ந்து வர்றாங்க. சைக்கிளை எப்படிக் கொண்டு வர்றது?

ரயில் பைத்தியம்:

போடிக்கே ரயில் வந்துவிட்டதே. 2023 ஜூன் 15லிருந்து போடி வரை அகலப் பாதையில் ஓடுகிறது, சென்னையிலிருந்தும் நேரடி வண்டி உண்டு, வாரத்தில் எல்லா நாளும் கிடையாது, நாள் பார்த்துக்கொள்ளுங்கள். சைக்கிளை லக்கேஜ் வேனில் பதிவு செய்து போடணும். பெடலைக் கழற்றி, ஹேண்டிலைத் திருப்பி, அட்டையும் சாக்கும் சுற்றிக் கட்டுங்கள். கியர் பக்கம் மேலே!

ஏலக்காய் போடி:

கியர் பக்கம் மேலே. கல்வெட்டில் வெட்டி வைக்கலாம்.

சின்னவன் உங்களிடம் ஒன்று கேட்கச் சொன்னான். 1902இல் ஒற்றைத் தண்டவாளம் என்றால் வண்டி எப்படிச் சாயாமல் நின்றது, மாடு எங்கே நடந்தது? எனக்குப் பதில் தெரியவில்லை.

ரயில் பைத்தியம்:

நல்ல கேள்வி. அது எவிங் முறை. வண்டிக்கு அடியில் சின்னச் சின்னச் சக்கரங்கள் வரிசையாக ஒரே தண்டவாளத்தின் மேல் உட்காரும், பாரம் கிட்டத்தட்ட முழுக்க, 95 சதவீதம் வரை, அதன் மேல்தான். மிச்சம் கொஞ்சம் பாரத்தைத் தாங்க, ஒரு பக்கமாக நீட்டின கம்பியில் ஒரு பெரிய சக்கரம் தரையிலேயே உருளும். சைக்கிள் பழகும் பிள்ளைக்குப் பக்கத்தில் ஒரு துணைச் சக்கரம் மாட்டுவோமே, அதே கதைதான். மாடு தண்டவாளத்துக்குப் பக்கத்தில் நடக்கும். இதே முறையில் பாட்டியாலா சமஸ்தானத்திலும் ஒரு ரயில் ஓடியது, அந்த இன்ஜின் ஒன்றை டெல்லி ரயில் மியூசியத்தில் வைத்திருக்கிறார்கள். தம்பியை ஒரு நாள் கூட்டிப் போங்கள்.

ஏலக்காய் போடி:

படித்துக் காட்டினேன். உடனே பழைய சைக்கிளின் துணைச் சக்கரத்தைப் பரணிலிருந்து எடுக்கச் சொல்லி, வாசலில் துடைப்பக் கட்டையைத் தண்டவாளமாகப் போட்டு, செருப்பு டப்பாவை மேலே நிறுத்தியாகிவிட்டது. சாயாமல் நிற்கிறது. மாட்டுக்குப் பதில் எதிர் வீட்டுப் பூனையைக் கட்டப் பார்க்கிறான், பூனை மசியவில்லை.

மூணாறு லயத்துப் பையன்:

ரயில் பைத்தியம் அண்ணே, கம்பத்தைப் படம் எடுத்துட்டேன், அம்மாகிட்ட துணியை எடுக்கச் சொல்றதுதான் பெரும்பாடா போச்சு. ஸ்கேல் இல்லை, பக்கத்தில் தீப்பெட்டி வச்சிருக்கேன். ராத்திரி சிக்னல் கிடைச்சதும் போடறேன்.